பலருக்கும் ஒரு நுண்ணோக்கி

கன்ஃபோகல் நுண்ணோக்கி என்பது லேசர் ஒளியைக் கொண்டு ஒரு பொருளை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் கருவி. சாதாரண நுண்ணோக்கியில் ஓர் இலைத்துண்டை வைத்தால், குவியத்தில் இருக்கும் அடுக்கோடு அதன் மேலும் கீழும் உள்ள அடுக்குகளின் மங்கலான ஒளியும் சேர்ந்து வரும். கன்ஃபோகல் கருவியில் ஒளியை உணரும் பகுதிக்கு முன்னால் ஓர் ஊசித்துளை இருக்கிறது. குவியத்திலிருந்து வரும் ஒளி அத்துளை வழியே உள்ளே போகும். மற்ற அடுக்குகளின் ஒளி பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். லேசர் புள்ளி மாதிரியின் மீது வரிவரியாக ஓடி ஓர் அடுக்கின் படத்தை எழுதி முடித்ததும், குவியம் சற்றே ஆழமாக இறங்கி அடுத்த அடுக்கு தொடங்கும். இப்படிக் கிடைத்த படங்களைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முப்பரிமாண உருவமாக்குகிறது. பக்கவாட்டில் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை இக்கருவி பிரித்துக் காட்டும்.

இதன் அடிப்படைக் கருத்து அமெரிக்க அறிஞர் மார்வின் மின்ஸ்கியுடையது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்க விரும்பிய அவர், 1955இல் ஹார்வர்டில் முதல் கருவியைச் செய்தார். 1957இல் விண்ணப்பித்த காப்புரிமை 1961இல் கிடைத்தது. ஆனால் போதிய வலுவுள்ள ஒளியும் படத்தைச் சேமிக்கும் கணினியும் அன்று இல்லை. லேசரும் கணினியும் வளர்ந்த பிறகே, 1980களில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் வைட், பிராட் ஏமஸ் ஆகியோரின் குழு நடைமுறைக்கு ஏற்ற கருவியை உருவாக்கியது. 1987இல் அக்குழுவின் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. பயோ-ராட் நிறுவனம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர்புரதத்தை உயிருள்ள செல்லுக்குள் அடையாளமாகப் பயன்படுத்தும் முறை அடுத்த பத்தாண்டில் பரவியது. அந்தப் புரதத்துக்காக 2008இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் உயிரியல் ஆய்வகங்களுக்கு கன்ஃபோகல் நுண்ணோக்கி அடிப்படைத் தேவையாகிவிட்டிருந்தது.

கெடாவுக்கு இதில் என்ன வேலை

மலேசியாவின் கெடா மாநிலம் நெல்லும் ரப்பரும் விளையும் மண். இவ்விரண்டைப் பற்றிய கேள்விகளில் பல, நுண்ணோக்கியில்தான் விடை தேட வேண்டியவை. ரப்பர் தரும் பால்மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. சீவும் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், சீவிய இடத்தில் பட்டை எப்படி மீண்டும் வளர்கிறது என்பதெல்லாம் இந்த அமைப்போடு தொடர்புடையவை. பாலில் மிதக்கும் ரப்பர் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் அளவிலோ அதற்கும் சிறியதாகவோ இருக்கும். ஒளி நுண்ணோக்கியின் எல்லையை ஒட்டிய அளவு அது. 2017 முதல் மலேசியத் தோட்டங்களில் காணப்படும் பெஸ்டலோசியோப்சிஸ் இலையுதிர்வு நோயில், பூஞ்சை இலைத்திசுவுக்குள் எப்படிப் பரவுகிறது என்பது இன்னொரு கேள்வி. மூடா சமவெளியின் வயல்களை அச்சுறுத்தும் நெல் குலைநோய்ப் பூஞ்சை, இலையின் மேல்தோலை அழுத்தித் துளைத்து உள்ளே நுழைவதை உலகின் பல ஆய்வகங்கள் கன்ஃபோகல் கருவியால்தான் படம் பிடித்துள்ளன.

மருத்துவ, உயிர்த்தொழில்நுட்பக் கல்வியும் இம்மாநிலத்தில் வேரூன்றியிருக்கிறது. மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. 2001இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், பீடோங்கை அடுத்த செமிலிங்கில் ஜெராய் மலையடிவாரத்தில் அமைந்துள்ளது. தெற்கே 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஊசித்துளைத் தத்துவத்தில் இயங்கும் அளவைக் கருவிகள் அத்தகைய தொழில்களில் பொருள்களின் மேற்பரப்பை அளக்கப் பயன்படுகின்றன. கடலுக்கு அப்பால் பினாங்கில் 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்தின் மாணவர்களும் ஆய்வாளர்களும் கேட்கும் கேள்விகள் பலவகைப்பட்டவை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கருவி என்பது எந்த நாட்டிலும் நடக்காது.

ஏன் பங்கிட வேண்டும்

நல்ல கன்ஃபோகல் நுண்ணோக்கியின் விலை இலட்சக்கணக்கான மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கி ஒரு மில்லியனைத் தாண்டிப் போகும். செலவு அங்கே முடிவதில்லை. தயாரிப்பு நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் கருவி விலையில் பத்தில் ஒரு பங்கு வரை போகலாம். லேசர்களுக்கும் விளக்குகளுக்கும் ஆயுள் மணிக்கணக்கில்தான். பாதரச விளக்கு சில நூறு மணி நேரமே எரியும். இத்தனை செலவில் வாங்கிய கருவியை ஒரே ஓர் ஆய்வுக்குழு வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பயன்படுத்தினால், மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடந்து பழசாகிறது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். எடுத்துக்காட்டாக, பராமரிப்பு, மின்சாரம், ஊழியர் சம்பளம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 வெள்ளி செலவாகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 300 மணி நேரம் மட்டும் கருவி இயங்கினால் ஒரு மணி நேரத்துக்கு 400 வெள்ளி ஆகும். 1,200 மணி நேரம் இயங்கினால் அதே மணி 100 வெள்ளிக்கு வந்துவிடும். பயன்படுத்துவோர் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் செலவு குறைகிறது. அதனால்தான் உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் இக்கருவிகளைத் தனித்தனித் துறைகளிடம் விடாமல், எல்லோருக்கும் பொதுவான கருவிக்கூடத்தில் வைக்கின்றன.

நேரத்தைப் பிரிப்பது

பங்கிடும்போது உண்மையில் பிரிபடுவது நேரம். எனவே பொதுக் கருவிக்கூடத்தின் முதல் ஏற்பாடு முன்பதிவு அட்டவணை. அது எல்லோர் கண்ணிலும் படும்படி இணையத்தில் இருக்கும். யார், எப்போது, எவ்வளவு நேரம் என்பது அதில் தெரியும். பகல் வேளையில் ஒருவர் தொடர்ச்சியாக மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, சில வாரங்களுக்கு மேல் முன்கூட்டிப் பதியக் கூடாது, வர முடியாவிட்டால் முதல் நாளே ரத்துசெய்ய வேண்டும், சொல்லாமல் வராதவருக்கும் கட்டணம் உண்டு என்பவை பரவலான விதிகள். இவை இல்லாத இடத்தில் வலுவுள்ள பேராசிரியரின் குழு வாரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த முதுகலை மாணவிக்கு இரவு பதினொரு மணிதான் மிஞ்சும்.

எல்லா மாதிரிகளுக்கும் ஒரே அளவு நேரம் போதாது. பதப்படுத்திக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய திசுவை இரண்டு மணி நேரத்தில் படமெடுக்கலாம். நாளை வைத்தாலும் அது அப்படியே இருக்கும். உயிருள்ள செல்கள் பிரிவதைப் பார்க்க வேண்டுமானால் பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து படமெடுக்க நேரும். அதை நடுவில் நிறுத்த முடியாது. இத்தகைய வேலைகளை இரவுக்கும் வார இறுதிக்கும் ஒதுக்குவது பொதுவான வழக்கம். பகல் நேரத்தைப் பயிற்சிக்கும் குறுகிய வேலைகளுக்கும் வைத்துக்கொள்வார்கள்.

கருவியை இயக்குவதிலும் அணைப்பதிலும் ஒரு முறை உண்டு. லேசரின் ஒளி நிலைபெற அரை மணியோ ஒரு மணி நேரமோ ஆகும். அதற்குமுன் எடுத்த படங்களில் வெளிச்சத்தை அளந்து ஒப்பிட முடியாது. பாதரச விளக்கை அணைத்தால் அது ஆறும்வரை, ஏறத்தாழ அரை மணி நேரம், மீண்டும் ஏற்றக் கூடாது. எனவே வேலை முடித்தவர் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அடுத்தவர் ஒரு மணி நேரத்துக்குள் வருகிறார் என்றால் கருவியை எரியவிட்டுச் செல்ல வேண்டும். யாரும் இல்லையென்றால் முழுமையாக அணைக்க வேண்டும். தனக்குப் பிறகு வருபவரை மனத்தில் வைத்து வேலையை முடிக்கும் பழக்கமே இக்கூடங்களை நடத்திச் செல்கிறது.

யார் கைவைக்கலாம்

பயிற்சி இல்லாதவர் கருவியைத் தொடக் கூடாது என்பதில் நல்ல கூடங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பயிற்சி படிப்படியாக நடக்கும். முதலில் ஒளி, லேசர், வில்லை பற்றிய விளக்கம். அடுத்து, பொறுப்பாளர் இயக்குவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது. பிறகு பயிற்சியாளர் அருகிருக்கத் தன் சொந்த மாதிரியைத் தானே படமெடுப்பது. இறுதியில் ஒரு சிறு சோதனை. தேறியவருக்குத்தான் தனிக் கடவுச்சொல் கிடைக்கும். முதலில் வேலை நேரத்தில் மட்டும், அனுபவம் வந்தபின் இரவிலும் என்று அனுமதி விரியும். பல மாதங்கள் வராமல் இருந்தவர் மறுபயிற்சி பெற வேண்டும். கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுப்பது பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. ஏனெனில், கருவியில் பழுது வந்தால் பதிவேட்டில் வேறொருவர் பெயர் இருக்கும்.

எது எப்படிக் கெடுகிறது

கருவியில் மிக எளிதாகச் சேதமாகும் பகுதி பொருளருகு வில்லை. 63 மடங்கு பெருக்கும் எண்ணெய் வில்லை ஒன்றின் விலையே பல்லாயிரம் வெள்ளி. அதில் எண்ணெய் இட்டுப் பார்க்க வேண்டும். அதே எண்ணெய் பக்கத்தில் உள்ள உலர் வில்லையில் பட்டுவிட்டால், அடுத்து வருபவருக்கு எல்லாப் படங்களும் மங்கலாகவே வரும். எண்ணெய் தடவிய தகட்டை வைத்துக்கொண்டே உலர் வில்லைக்கு மாறுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. வேலை முடிந்ததும் வில்லைத்தாளால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும்; சட்டை நுனியோ சாதாரணத் தாளோ கூடாது, அவை வில்லையின் பூச்சைக் கீறிவிடும். மூடுகண்ணாடி 0.17 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்க வேண்டும். தடிப்பு மாறினால் விலையுயர்ந்த வில்லையும் தன் முழுத் திறனைக் காட்டாது. செல்களை வளர்க்கும் உப்புநீர் மேடையில் சிந்தினால் உலோகம் அரிக்கும்.

கெடா போன்ற வெப்பமண்டல இடங்களில் இன்னொரு பகை ஈரம். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வில்லைகளில் பூஞ்சை படரும். ஒருமுறை கண்ணாடியை அரித்த பூஞ்சையின் தழும்பு போகாது. மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் குளிர்சாதனத்தை நிறுத்துவது இங்கே வீண் சிக்கனம். காலையில் மீண்டும் குளிரூட்டும்போது அறையின் வெப்பநிலை மாறி, குவியமும் லேசர் ஒழுங்கமைவும் சற்று நகர்ந்துவிடுகின்றன; இரவெல்லாம் ஈரம் ஏறிய வில்லை பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. எனவே நுண்ணோக்கி அறையில் குளிர்சாதனமும் ஈரமகற்றியும் நாள் முழுவதும் ஓட வேண்டும். மலேசியா இடிமின்னல் மிகுந்த நாடு என்பதால் தடையில்லா மின்சாரக் கருவியும் தவிர்க்க முடியாதது. கட்டடத்தைத் திட்டமிடும்போதே இச்செலவுகளைச் சேர்க்காத நிறுவனத்தில், கருவி வந்த சில ஆண்டுகளிலேயே அதன் படங்கள் மங்கத் தொடங்கும்.

சேதம் நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்குத் தெளிவான விதி வேண்டும். உடனே சொன்னவரைத் தண்டிக்காமல், மறைத்தவரைத் தண்டிப்பதே பலன் தரும் வழி. எண்ணெய் பட்ட வில்லையை அன்றே துடைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும். ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் கழற்றி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். திட்டு வாங்கப் பயந்து மாணவர் வாய் மூடினால் இழப்பு எல்லோருக்கும்.

படத்தின் நேர்மை

பலர் பயன்படுத்தும் கருவியில் ஒவ்வொருவரும் லேசர் வலு, உணரியின் திறன், ஊசித்துளையின் அகலம் ஆகியவற்றை மாற்றுவார்கள். திங்கட்கிழமை ஒரு மாதிரியையும் வெள்ளிக்கிழமை இன்னொன்றையும் வெவ்வேறு அமைப்பில் எடுத்து, இரண்டில் எது கூடுதலாக ஒளிர்கிறது என்று ஒப்பிட்டால் முடிவு பொய்யாகும். ஆகவே ஒப்பிட வேண்டிய மாதிரிகளை ஒரே அமைப்பில், முடிந்தால் ஒரே அமர்வில் எடுக்க வேண்டும். அமைப்புகளைப் படத்தோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். லேசரைக் கூட்டினால் படம் பளிச்சென்று வரும், ஆனால் ஒளிரும் சாயம் விரைவில் மங்கிவிடும், உயிருள்ள செல்லும் வாடும்.

கருவி சரியாக இருக்கிறதா என்பதைக் கூடமே சோதிக்க வேண்டும். 0.1 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒளிர் மணிகளைப் படமெடுத்து, புள்ளி புள்ளியாகவே தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு முறை. வலுவளப்பானால் லேசரை அளப்பது இன்னொன்று. இத்தகைய சோதனைகளை எல்லா நாடுகளிலும் ஒரே தரத்தில் செய்வதற்காக 2020இல் குவாரெப்-லிமி என்ற பன்னாட்டுக் குழு தோன்றியது. சோதனை முடிவுகளைப் பயனர்கள் பார்க்கும்படி வைத்திருக்கும் கூடத்தின் படங்களை ஆய்விதழ்களும் நம்பும்.

தரவு, பாதுகாப்பு

1024 புள்ளிக்கு 1024 புள்ளி என்ற அளவில், 16 பிட் ஆழத்தில் எடுத்த ஓர் அடுக்கு ஏறத்தாழ 2 மெகாபைட். மூன்று நிறங்கள், ஐம்பது அடுக்குகள் என்றால் ஒரே இடத்தின் படம் 300 மெகாபைட்டைத் தொடும். ஒரு நாளில் பத்துப் பேர் எடுத்தால் கருவியின் கணினி விரைவில் நிரம்பிவிடும். அதனால் அக்கணினி நிரந்தரக் காப்பகம் அல்ல. சில வாரங்களுக்குப் பிறகு கோப்புகள் அழிக்கப்படும் என்று கூடங்கள் முன்கூட்டியே அறிவிக்கின்றன. ஆளுக்கொரு விரலியைச் செருகினால் நச்சுநிரல் புகும் என்பதால், வலையமைப்பு வழியாகத் தரவைக் கொண்டுபோகும் ஏற்பாடு நல்லது.

மாதிரி என்ன என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். நோய்க்கிருமியா, மனிதத் திசுவா, மரபணு மாற்றிய செல்லா என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். பச்சை ஒளிர்புரத மரபணுவைச் சேர்த்த செல் கூட மரபணு மாற்றிய உயிரிதான். மலேசியாவில் அதற்கு 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். எனவே வேறு நிறுவனத்திலிருந்து அதைக் கொண்டுவருவதற்கு முன் இரு பக்கத்து உயிரியல் பாதுகாப்புக் குழுக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மாதிரியைத் தொட்ட கையுறையோடு விசைப்பலகையைத் தொடுவது எளிய தவறு. அதே பலகையை அடுத்தவர் வெறுங்கையால் தொடுவார்.

பொறுப்பாளர்

மேலே சொன்ன அத்தனைக்கும் பின்னால் ஒரு மனிதர் தேவை. அட்டவணையில் வரும் தகராறைத் தீர்ப்பவர், புதியவருக்குக் கற்றுத் தருபவர், வில்லையைத் துடைப்பவர், மணிகளை அளப்பவர், நிறுவனத்தின் பொறியாளரை அழைப்பவர் எல்லாம் ஒருவரே. பல நிறுவனங்கள் கருவி வாங்கப் பணம் ஒதுக்குகின்றன. அதைப் பார்த்துக்கொள்ளும் பதவியை நிரந்தரமாக்குவதில்லை. ஒப்பந்தம் முடிந்து அவர் போன மறுநாளே அவருடைய அனுபவமும் போய்விடுகிறது. மாணவரின் ஆய்வுக்குப் படமுறையை வடிவமைத்துத் தந்து, முடிவை விளக்கவும் உதவிய பொறுப்பாளரை ஆய்வுக்கட்டுரையில் இணை ஆசிரியராகச் சேர்ப்பது முறை. வழக்கமான சேவை மட்டும் என்றால் நன்றியுரையில் கூடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது அதுவே கூடத்தின் சான்றாகும்.

கட்டணம் பெரும்பாலும் மூன்று நிலைகளில் இருக்கும். சொந்த நிறுவனத்தாருக்குக் குறைவு, பிற கல்வி நிறுவனங்களுக்குச் சற்றுக் கூடுதல், தொழிற்சாலைகளுக்கு முழுச் செலவு. கூலிம் வட்டாரத்துத் தொழில் நிறுவனங்கள் போன்றவை முழுக் கட்டணம் செலுத்தினால், அந்த வருவாய் மாணவர் கட்டணத்தைத் தாழ்த்தி வைக்க உதவும்.

ஊர் தாண்டிய பங்கீடு

ஒரு நிறுவனத்துக்குள் நடக்கும் பங்கீட்டை நாடு முழுவதும் விரித்த முன்மாதிரிகள் உண்டு. இந்தியாவில் அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே வட்டார நுண்கருவி மையங்களைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள மையம் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தம் மாதிரிகளை அங்கு அனுப்பிச் சோதிக்கிறார்கள். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் பொதுப் படமெடுப்புக் கூடம் ஒன்றை நடத்துகிறது. 2020 ஜனவரி 3ஆம் நாள் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் இணையத்தளத்தில், அரசு நிதியில் வாங்கிய கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடி அங்கேயே முன்பதிவு செய்யலாம். சிங்கப்பூரில் சிங்காஸ்கோப் என்ற வலையமைப்பும் ஐரோப்பாவில் யூரோ-பயோஇமேஜிங் அமைப்பும் இதே வேலையைச் செய்கின்றன.

கெடா போன்ற மாநிலத்துக்கு இவ்வேற்பாடு மிக முக்கியம். பதப்படுத்திய தகட்டை ஒளிபுகாத பெட்டியில் வைத்து, சுங்கை பட்டாணியில் ரயில் ஏறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து படகில் பினாங்கு சேர்ந்து படமெடுத்து வரலாம். உயிருள்ள செல்களுக்கு அந்தப் பயணம் ஆகாது. வெப்பமும் குலுக்கலும் அவற்றை மாற்றிவிடும். தோட்டத்தில் அன்று காலை வெட்டிய பட்டைக்கும் நேரம் போகப் போக மதிப்புக் குறையும். அதாவது, கருவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே எந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்பதை முடிவுசெய்கிறது. அருகில் ஒரு பொதுக்கூடம் இருந்து, அது வெளியாருக்கும் திறந்திருந்தால், தோட்டப் பள்ளியில் படித்து வந்த மாணவர் தன் வீட்டுப் பின்புறத்து மரத்தைப் பற்றிய கேள்வியை அதே நாளில் ஆராயலாம்.

வெளியிலிருந்து வருபவரும் தயாராக வர வேண்டும். மாதிரியின் விவரமும் சாயங்களின் பெயரும் முன்கூட்டியே பொறுப்பாளரிடம் போக வேண்டும். அக்கருவியில் உள்ள லேசர்கள் அந்தச் சாயங்களுக்குப் பொருந்துகின்றனவா என்று அவர்தான் சொல்ல முடியும். சாயமிடாத மாதிரி ஒன்றையும் உடன் கொண்டுவர வேண்டும். இலையும் பட்டையும் தாமே ஒளிர்பவை. அந்த இயல்பான ஒளிர்வைக் கழித்துப் பார்க்காவிட்டால் இல்லாத ஒன்று இருப்பதாகத் தோன்றும். சாதாரண ஒளிர் நுண்ணோக்கியில் முதலில் பார்த்து, சாயம் ஏறியிருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே கன்ஃபோகல் நேரத்தைப் பதிவுசெய்வது, செலவையும் பிறரின் நேரத்தையும் காக்கும்.

கருவிகள் பத்து ஆண்டுகளில் பழையதாகிப் புதியவை வரும். முன்பதிவு ஒழுங்கு, படிப்படியான பயிற்சி, தவறை மறைக்காத பழக்கம், நிரந்தரப் பொறுப்பாளர் ஆகியவை ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் அடுத்த கருவிக்கும் அதற்கடுத்த கருவிக்கும் அவையே அடித்தளம். பொதுக் கூடம் அமைக்க நினைக்கும் நிறுவனம், கருவியின் விலைப்பட்டியலைக் கேட்பதற்கு முன் இந்நான்கையும் திட்டத்தில் எழுதி, அவற்றுக்கான பணத்தையும் ஒதுக்க வேண்டும்.